ஆபரேட்டர் கொடுத்த புகார்

காலை ஒன்பது பத்துக்கு அந்த அலுவலக வாசல் சரிவில் ஒரு கோல் இரண்டு தட்டுத் தட்டும். அதைக் கேட்டுத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டவர்கள் அங்கே உண்டு. ஆபரேட்டர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தவர். அழைப்புகளை இணைக்கிற அந்தப் பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டபோது அவரையும் கூடவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சங்கத்தின் உதவி எண்ணை எடுத்துப் பேச வந்தவர், அன்றிலிருந்து அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "பாத்திருந்தாத்தானே தெரியும், அப்படியென்ன பெருசா இருக்கு அங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அழைக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்வி. எங்கே? எப்போதிலிருந்து? உங்களுக்கு என்ன வேணும்? மூன்றாவதற்குப் பதில் வரும்வரை இவராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, வீட்டு வாசற்படி உயரம் என்று ஒரு அம்மா சொன்னதுமே, "சரிவு போட ஏற்பாடு பண்றோம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா கேட்க வந்தது பிடித்து ஏற ஒரு கம்பி மட்டும்தான். சரிவுக்காக இரண்டு மாதம் அலைந்த பிறகுதான் அது தெரிந்தது. அன்றிலிருந்து மூன்றாவது கேள்வி அந்த அலுவலகத்தில் சட்டம்.

அந்தச் சட்டத்தை மற்ற எல்லாரையும்விட உரக்கச் சொல்லித் திரிந்தவள் அங்கேயே வேலை பார்க்கும் டேப்பக்கா. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டேப்பக்காவின் சக்கர நாற்காலிக் கைப்பிடியில் ஒரு பை தொங்கும். அதற்குள் அளக்கிற டேப். உறவுக்காரர் ஒருவர் கட்டிய புது வீட்டைப் பார்க்கப் போனவள், "வாங்க வாங்க" என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கழிப்பறைக் கதவை அளந்துவிட்டு, "இதுக்குள்ள நான் போக முடியாது, அதனால தண்ணி குடுக்காதீங்க" என்றாள். வீட்டுக்காரர் இன்றுவரை அவளோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் கதவை அகலப்படுத்திவிட்டார். டேப்பக்காவிடம் கோபித்துக்கொள்கிறவர்கள் எல்லாருடைய கதையும் ஏறக்குறைய இப்படித்தான் முடியும்.

மூன்று வருஷமாக அவள் நடைபாதைக்காகச் சண்டை போட்டாள். ஊரில் இருபத்து மூன்று தெருமுனைகள். ஒவ்வொன்றிலும் நடைபாதை ஒரு சாண் உயரத்தில் முடிந்து, கீழே சாலை. சக்கர நாற்காலியில் போகிறவர் அங்கே நின்று, போகிற வருகிற யாராவது தூக்கி இறக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டேப்பக்கா இருபத்து மூன்றையும் அளந்தாள், மனு எழுதினாள், அலுவலகம் அலுவலகமாகப் போனாள். ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று சங்கச் செயலாளர் ஒரு கூட்டத்தில் புகழ்ந்தபோது, "நான் ரெண்டு கால்லயே நிக்கிறதில்ல சார், இதுல ஒத்தக் கால் வேறயா" என்றாள். கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று.

கடைசியில் அனுமதி வந்தது. இருபத்து மூன்று முனைகளிலும் நடைபாதையைச் சரித்துச் சாலையோடு சமமாக்குவது. முதலில் மூன்று முனைகளை முடித்தார்கள். அதில் ஒன்று அலுவலகத்தை ஒட்டிய முக்கு. அன்று டேப்பக்கா யார் கையையும் எதிர்பார்க்காமல் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி, மறுபடி இறங்கி, இப்படி ஏழெட்டுத் தடவை போய்வந்தாள். ஆபரேட்டர் ஓரமாக நின்று சக்கரச் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டினார். மீதி இருபது முனைகளின் வேலை அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒன்பது பத்து தவறியது. ஒரு நாள் ஒன்பது முப்பத்தைந்து. மறுநாள் ஒன்பது நாற்பது. கேட்டால் பஸ் லேட்டு என்றார். ஒரு நாள் புதுக் கோலோடு வந்தார். "என்ன அண்ணா, புதுசெல்லாம் வாங்கியிருக்கீங்க, எங்களுக்கு டீ கிடையாதா" என்று டேப்பக்கா கேட்டாள். அவர் சிரித்தபடி டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்ததை நினைத்து அவள் பிறகு பல நாள் வெட்கப்பட்டாள்.

ஒரு வியாழக்கிழமை, ஒரு பயிற்சி வகுப்புக்குத் தாள்களை எடுத்து வைக்க டேப்பக்கா சீக்கிரம் வந்தாள். முக்கைத் தாண்டி ஒரு நகல் கடை உண்டு. அங்கே தாள்கள் அச்சாகிக்கொண்டிருக்க, இவள் வாசலில் காத்திருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆபரேட்டர் வந்தார். கோல் மடித்துக் கக்கத்தில் இருந்தது. முழங்கையை அவர் மனைவி பிடித்திருந்தாள். இரண்டு பேரும் முக்கைக் கடந்தார்கள். அலுவலகத்துக்கு முப்பது தப்படி இருக்கும்போது மனைவி கையை விட்டாள். அவர் கோலை உதறி நீட்டி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தனியாக வந்தவர் போலத் தட்டிக்கொண்டு போனார். அவள் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று, அவர் உள்ளே போகும்வரை பார்த்திருந்தாள்.

திரும்பியவள் டேப்பக்காவைப் பார்த்துவிட்டாள். 

"அண்ணி, என்ன இது?" என்றாள் டேப்பக்கா.

"நீ பாத்தன்னு அவர்கிட்ட சொல்லிடாத."

"என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

அண்ணி சுற்றிலும் பார்த்தாள். ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஒன்பதுக்கெல்லாம் மிஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும். "பதினஞ்சு நாளுக்கு முன்னாடி, இந்த முக்குல, நடைபாதை முடிஞ்சதே தெரியாம நடு ரோட்டுக்குப் போயிட்டாரு. முன்னாடி அந்த விளிம்புல கோல் டக்குனு இறங்கும், நின்னுடுவாரு. இப்போ எல்லாம் ஒரே தரையா இருக்கு, எங்க நிக்கிறது? ஒரு வேன் வந்து கோலை ஏத்தி உடைச்சிட்டுப் போயிடுச்சு. ஆளு ஒரு அடி பின்னாடி இருந்ததால தப்பிச்சாரு."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் டேப்பக்கா.

"சத்தியம் வாங்கிட்டாரு. மூணு வருஷம் அலைஞ்சு வாங்கியிருக்கா, அவ சந்தோஷத்துல நான் போய் மண்ணைப் போடணுமாங்கறாரு. சமைச்சு முடிச்சு, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு நான் தினம் கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன். கூடத்துல சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசறான். எவ்வளவு நாளைக்கு முடியும்னு தெரியல." பிறகு, "கல்யாணமான புதுசுல நான் கையைப் பிடிச்சா உதறுவாரு. இப்போ அவரே கையை நீட்டறாரு. அதைத்தான் என்னால பாக்க முடியல" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

டேப்பக்கா அலுவலகத்துக்கு வந்து தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

முக்கின் வரைபடத்தின் வண்ண நகல்; எல்லா முனைகளுக்கும் அதுதான் மாதிரி. இன்ஜினியர் முதலில் போட்டது. சமமாக்கிய இடத்தின் ஓரம் நெடுக நான்கு வரிசை புள்ளி ஓடுகளை வரைந்திருந்தார். மேலே சிறுசிறு குமிழாகப் புள்ளிகள் தூக்கிக்கொண்டிருக்கும் ஓடு அது. காலுக்கும் கோலுக்கும் தட்டுப்பட்டு, இங்கே சாலை என்று சொல்லும். அந்த நான்கு வரிசையையும் குறுக்கே அடித்திருந்தது சிவப்பு மை. டேப்பக்காவின் சிவப்பு மை. முதுகில் இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்த உடம்பு அவளுக்கு. அந்தப் புள்ளிகள்மேல் சக்கரம் ஏறினால் ஒவ்வொரு குலுக்கலும் முதுகுத்தண்டில் போய் இறங்கும். ஆபரேட்டர் அண்ணனுக்குத் தெருவெல்லாம் மனப்பாடம், அவருக்கு எதற்கு ஓடு என்று அன்று நினைத்தாள்.

அதையாவது மன்னிக்கலாம். வரைபடத்தின் அடியில் கட்டங்கள் இருந்தன. சக்கர நாற்காலி உபயோகிப்பவர் தரப்பு. பார்வையற்றோர் தரப்பு. அன்று மாலை ஐந்துக்குள் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் அன்று தன் மகளின் பள்ளிக்கூட விஷயமாக லீவு. ஒரு போன் செய்திருக்கலாம். செய்தால் அவர் வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று ஒரு மூலையில் பயம் இருந்தது. அதை இன்றுதான் தனக்கே ஒப்புக்கொண்டாள். இரண்டாவது கட்டத்திலும் "சம்மதம்" என்று எழுதியிருந்தது அவளுடைய கையெழுத்து.

எங்களைக் கேட்காமல் எங்களுக்காக முடிவு செய்ய நீங்கள் யார் என்று எத்தனை அதிகாரிகளின் மேஜையைத் தட்டியிருப்பாள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

மத்தியானம்வரை குறுக்கு வழிகளை யோசித்தாள். நடைபாதை வேலை பார்க்கும் மேஸ்திரியைப் பிடித்து இந்த முக்கில் மட்டும் சத்தமில்லாமல் நாலு ஓடு பதிக்கச் சொல்லலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். ஆனால் இன்னும் பதினொரு நாளில் மற்ற இருபது முனைகளும் அவளுடைய சிவப்பு மைப்படியே மழுங்கிவிடும். ஊரில் கோலோடு நடக்கிறவர் ஆபரேட்டர் மட்டும் இல்லை. மற்றவர்களுக்குக் கை பிடித்துக் கூட்டி வர அண்ணி மாதிரி ஒருத்தி இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தன் செல்போனிலிருந்து உதவி எண்ணை அழைத்தாள். இரண்டு மேஜை தள்ளி மணி அடித்தது.

"உதவி எண். சொல்லுங்க, எங்கே பிரச்சனை?"

"இன்னைக்கு நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. எங்கே?"

ஆபரேட்டர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "என்ன விளையாட்டு இது? வேலை நேரத்துல."

"எங்கே அண்ணா?"

அவர் ரிசீவரை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "உங்க அண்ணி உளறிட்டாளா?" என்றார்.

"அவங்க உளறல. நான் கண்ணால பாத்தேன். எங்கே?"

"முக்குல."

"எப்போ இருந்து?"

"சமமாக்கின மறுநாள்ல இருந்து."

"உங்களுக்கு என்ன வேணும்?"

ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கானவர்களிடம் அவர் கேட்ட கேள்வி. அவரிடம் யாரும் கேட்டதில்லை. எதிரே இருந்த தட்டச்சுப் பலகையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒரு விளிம்பு வேணும்மா. உனக்கு அது சுவர். எனக்கு அதுதான் வழி. இதுவரைக்கும் நடைபாதை, இதுக்கு மேல ரோடுன்னு கோலுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

டேப்பக்கா போனை அணைத்துவிட்டு அவர் மேஜைக்குச் சக்கரத்தை உருட்டினாள். வரைபடத்தைப் பற்றிச் சொன்னாள். சிவப்பு மையைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது கட்டத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. ஆனால் விடவில்லை, முழுதாகச் சொன்னாள்.

ஆபரேட்டர் முகம் மாறியது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

"நீ கேட்டிருந்தா நான் சரின்னே சொல்லியிருப்பேன். உன் முதுகு எனக்குத் தெரியாதா? ஆனா நீ கேக்கலையே. எனக்கும் சேத்து நீயே பேசிட்டியே. இதை ஒரு கலெக்டர் பண்ணியிருந்தா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"தப்புதான் அண்ணா. பெரிய தப்பு." அவளும் சொன்னாள், அவளால் சொல்லாமல் இருக்க முடியாது. "நீங்களும் சொல்லியிருக்கணும். வேன் வந்து கோலை உடைக்குது, எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க."

"சொல்லியிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டார். "நீ சந்தோஷமா இறங்கி ஏறின சத்தம் காதுலயே இருந்துச்சு. வாய் வரல."

அன்று சாயங்காலம்வரை இருவரும் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. போகும்போது மட்டும், "நாளைக்கு இன்ஜினியர்கிட்ட போறோம். ரெண்டு பேரும்" என்றார் ஆபரேட்டர். அவர் மன்னித்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை.

இன்ஜினியர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன், "நாளைக்கு உங்கள்ல ஒருத்தர் வந்து இது வேணாம்பீங்க, அப்போ நான் எங்க போறது" என்று கேட்டவர். அதற்கு டேப்பக்கா, "நாங்க எல்லாரும் பேசி முடிச்சிட்டுத்தான் உங்ககிட்ட வர்றோம்" என்று மார்தட்டிச் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை. கோப்பைத் திறந்து சிவப்பு மைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான் போட்ட ஓட்டை அடிச்சது நீங்க. இப்போ வேணும்கறதும் நீங்க. வேலையை நிறுத்துங்கன்னு மேல எழுதினா நிறுத்திடுவாங்க. திரும்ப எப்போ ஆரம்பிப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இருபது முனையும் அப்படியே கிடக்கும். யோசிச்சுக்கோங்க."

இருபது முனைகளும் டேப்பக்காவின் கண்முன் வந்தன. ஒவ்வொன்றின் உயரமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொன்றிலும் நின்று யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று காத்திருக்கிறவர்களையும் அவளுக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் தினமும் போன் செய்து, "எங்க தெருவுக்கு எப்போ வருவாங்க?" என்று கேட்கிறார்கள்.

"ஒரு தாள் குடுங்க சார்" என்றாள். பார்வையற்றோர் கட்டத்தில் சம்மதம் எழுதியது தான்தான், அவர்களைக் கேட்காமல் எழுதியது, அந்தச் சம்மதம் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். எழுதியதை ஆபரேட்டருக்கு உரக்கப் படித்தும் காட்டினாள்.

இன்ஜினியர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாளிடமிருந்து இப்படி ஒரு எழுத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் தணிந்தது. "வேணும்னா நானே ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கிட்டு அந்த முக்குல நடந்து பாக்கறேன். அப்போ புரிஞ்சிடும்."

"வேணாம் சார்" என்றார் ஆபரேட்டர். "கண்ணைக் கட்டினா உங்களுக்குப் பயம்தான் புரியும், நான் எப்படி நடக்கறேன்னு புரியாது. அதுக்கு என்னைக் கேட்டாப் போதும்."

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளை சனிக்கிழமை முக்கில் மாதிரி ஓடுகளைப் பரப்பிக் காட்டச் சொல்கிறேன் என்றார். ஒரே வரைபடத்துக்கு இரண்டு பேரும் மனதாரச் சம்மதித்தால் வேலையை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மாட்டேன் என்றாலும் மேலே எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் முக்கில் கூடினார்கள். மேஸ்திரி மணல் பரப்பி, நான்கு வரிசை புள்ளி ஓடுகளை அடுக்கியிருந்தார். அண்ணியும் வந்து கம்பத்தடியில் நின்றாள். இந்த முறை ஒளியவில்லை.

ஆபரேட்டர் இருபது தப்படி தள்ளிப் போய்த் திரும்பி, தன் வழக்கமான வேகத்தில் வந்தார். கோல் முதல் வரிசையில் பட்டதும் கால் வந்து ஓட்டில் நின்றது. மறுபடி போனார், வந்தார், நின்றார். ஐந்து தடவை. ஐந்தாவது தடவை கோலைத் தட்டிய விதத்திலேயே ஒரு மிடுக்கு வந்திருந்தது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து டேப்பக்கா. முன்சக்கரம் முதல் புள்ளியில் ஏறியதும் குலுக்கல் இடுப்பில் தொடங்கிப் பிடரிவரை ஓடியது. நான்கு வரிசையைக் கடப்பதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்படி இருபத்து மூன்று முனைகள், ஒவ்வொன்றிலும் இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை.

"இடிக்குதா?" என்று ஆபரேட்டர் கேட்டார்.

இல்லை என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவருக்கு விளிம்பு கிடைக்கும், இருபது முனைகளும் தப்பும், அவளுடைய பழைய தப்புக்கும் ஒரு பரிகாரம் ஆகும். வலியை அவள் பார்த்துக்கொள்வாள்.

"சக்கரம் கடகடக்கறது எனக்கே கேக்குது" என்றார் அவர். "நான் பண்ணின அதே காரியத்தை நீயும் பண்ணாத. உனக்கு என்ன வேணும்? சொல்லு."

டேப்பக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இடிக்குது அண்ணா. முதுகு போயிடும் போல இருக்கு. இது என்னால முடியாது."

இதற்குத்தான் இன்ஜினியர் பயந்தார். அவர் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. ஆனால் ஆபரேட்டர் நிம்மதியாகத் தலையாட்டினார். "ஆங். இப்போதான் பேச்சு ஆரம்பிக்குது. மேஸ்திரி, ஒவ்வொரு வரிசையா எடுங்க பாப்போம்."

இரண்டு வரிசையாக்கியபோது ஐந்தில் ஒரு தடவை ஆபரேட்டரின் காலடி ஓடுகளைத் தாண்டிப் போய் விழுந்தது. மூன்று வரிசையில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் மூன்று வரிசையும் டேப்பக்காவைக் குலுக்கின. அவள் டேப்பை எடுத்தாள். குனிந்து முன்சக்கரத்தின் அகலத்தை அளந்தாள், இரண்டரை சென்டிமீட்டர். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே அளந்தாள்; மூன்றரை. அப்படியானால் சக்கரம் நடுவிலேயே போயிருக்க வேண்டும். ஓடுகளை உற்றுப் பார்த்தாள். ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வந்து மறித்துக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, புள்ளி எல்லாம் நேர் நேரா இருக்கற ஓடு கிடையாதா?"

"கிடங்குல இருக்கும்மா. அழகா இருக்கட்டுமேன்னு இதை எடுத்துட்டு வந்தேன்."

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் முக்கால் மணியில் திரும்பி வந்தார். நேர்ப் புள்ளி ஓடு, மூன்று வரிசை. ஆபரேட்டர் ஐந்துக்கு ஐந்து நின்றார். டேப்பக்கா மெதுவாக ஏறினாள். முன்சக்கரம் புள்ளிகளுக்கு நடுவே வழி பிடித்துப் போயிற்று. பின்சக்கரம் மட்டும் லேசாக அதிர்ந்தது.

"இடிக்குதா?"

"கொஞ்சம். பொறுத்துக்கறேன்னு சொல்லல. நிஜமாவே கொஞ்சம்தான்."

இன்ஜினியர் காரின் மேல் வைத்துப் புதுத் தாளில் வரைந்தார். முதல் கட்டத்தில் டேப்பக்கா கையெழுத்துப் போட்டாள். ஆபரேட்டர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். நடுவில் நீளமாக ஒரு துளை. அதை இரண்டாவது கட்டத்தில் வைக்கச் சொல்லி, துளைக்குள்ளேயே தன் பெயரை எழுதினார். டேப்பக்கா அந்தக் கட்டத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அட்டையை வைத்ததுகூட இன்ஜினியர்தான்.

வேலை நிற்கவில்லை. இருபது முனைகளில் புது வரைபடப்படி தொடங்கினார்கள். முடித்த மூன்றையும் திருத்த மூன்று வாரம் ஆயிற்று. அலுவலக முக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது.

புதன்கிழமை காலை டேப்பக்கா எட்டரைக்கே வந்துவிட்டாள். ஆபரேட்டர் மேஜையை ஒட்டிய சன்னலைத் திறந்துவைத்து, நாற்காலியை அதன் ஓரமாக நிறுத்திக்கொண்டாள். ஒன்பது மணிக்கு மேல் கண்கொத்திப் பாம்பாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது ஏழுக்கு உதவி எண் அடித்தது. எடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை. தெருவைப் பார்த்தபடியே கையை நீட்டி எடுத்தாள்.

"உதவி எண். சொல்லுங்க, எங்கே பிரச்சனை?"

"முக்குல" என்றார் ஆபரேட்டர். "ரெண்டாவது வரிசையில ஒரு ஓடு ஆடுது."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் தெரிந்தார். முக்கில் கோலை ஊன்றி, போனைக் காதில் வைத்து நின்றார். பக்கத்திலும் இல்லை, பின்னால் கம்பத்தடியிலும் இல்லை, யாருமே இல்லை. டேப்பக்கா கேட்டாள்.

"எப்போ இருந்து?"

"இப்போ கால் வெச்சதுல இருந்து."

"உங்களுக்கு என்ன வேணும்?"

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

"இந்த ஹாரன் என் காதுலயும் கேக்குது, உன் போன்லயும் கேக்குது. சன்னல் திறந்திருக்கு. நீ அதை விட்டு நகரணும். நான் தனியா வரணும்."

டேப்பக்கா சன்னலைச் சாத்தினாள். சக்கரத்தைத் திருப்பி மேஜைக்குப் போய்ப் புகார்ப் பதிவேட்டைத் திறந்தாள். ஒன்பது வருஷத்தில் அவர் பெயரில் ஒரு புகார்கூட அதில் இருந்ததில்லை. பெயரை எழுதினாள், இடத்தை எழுதினாள், ஆடுகிற ஓட்டை எழுதினாள். அதற்குக் கீழே, இரண்டாவது கோரிக்கை உடனே நிறைவேற்றப்பட்டது என்று எழுதினாள். வாசல் சரிவில் கோல் இரண்டு தட்டுத் தட்டியபோது மணி ஒன்பது பத்து.